பரணில் இருக்கும் நாய்கள்: பழம்பொருள் கேள்வி-பதில்

சென்ற இதழில் கொலு பொம்மைகளைப் பற்றி எழுதியபோது, பழைய வீடுகளில் கிடைக்கும் நாய் உருவங்களைத் தனியாகச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த எங்கள் தாத்தா, ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் வீட்டுச் சாமான் ஏலத்தில் ஒரு ஜோடி பீங்கான் நாய்களை எடுத்தாராம். உட்கார்ந்த நிலையில் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. வெள்ளை உடம்பு, செம்பழுப்புக் காதுகள், கழுத்தில் தங்க நிறச் சங்கிலியும் பூட்டும் உண்டு. நூற்றைம்பது ஆண்டுப் பழமை என்கிறார் மாமா. அண்மையில் செய்தவை என்கிறார் ஒரு வியாபாரி. யாரை நம்புவது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இருவரையும் விட்டுவிடுங்கள், நாயைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைக் கொண்டு பார்த்தால், இவை இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்து மட்பாண்டத் தொழிலகங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏராளமாகச் செய்யப்பட்ட ஸ்பேனியல் நாய்களின் வகையைச் சேர்ந்தவை. விக்டோரியா மகாராணி இளவரசியாக இருந்த காலத்தில் டேஷ் என்ற ஸ்பேனியல் நாயைச் செல்லமாக வளர்த்தார்; அந்த இனத்தின் மீது மக்களுக்கு ஏற்பட்ட மோகத்துக்கு அதுவும் ஒரு காரணம். அங்கே சாதாரணத் தொழிலாளி வீட்டிலும், குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பின் மேலுள்ள மேடையின் இரு ஓரங்களில் ஆளுக்கொரு பக்கமாக இவை உட்கார்ந்திருக்கும். அதனால்தான் ஜோடியாக, ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாகச் செய்தார்கள். சுவரை ஒட்டி வைக்கும் பொருள் என்பதால் பின்புறத்தில் வண்ணம் தீட்டுவதற்கு அதிகம் மெனக்கெடவில்லை.

இதே அச்சும் இதே வடிவமும் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் போலி செய்யப்பட்டன என்பதுதான் சிக்கல். பழைய முறையில், பிசைந்த களிமண்ணைத் தகடாக்கி, நம் வீட்டில் கொழுக்கட்டை அச்சில் மாவை அழுத்துவதுபோல இரண்டு பாதி அச்சுகளில் கையால் அழுத்தி, பின்னர் ஒட்டினார்கள். அப்படிச் செய்த நாயின் அடிப்பாகம் மூடியிருக்கும். சூளையில் உள்காற்று வெளியேறுவதற்காகக் குத்திய சிறு துளை மட்டும் தெரியும். பிற்காலத்தில் மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றி, மிஞ்சியதை வெளியே கவிழ்த்துவிடும் முறை வந்தது. இந்த முறையில் வந்த பொம்மைகளின் அடியில் பெரும்பாலும் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும். ஓட்டை பெரிதாக இருந்தால் மாமாவின் கணக்கு இடிக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, தங்கப் பூச்சைப் பாருங்கள். பழைய நாய்களில் பூசிய தங்கம் மென்மையான, சற்று மங்கிய நிறத்தில் இருக்கும். சங்கிலியின் மேடான இடங்களில், கைபட்டுத் துடைபட்டதால் தேய்ந்தும் இருக்கும். 1880களை ஒட்டிப் பரவிய மலிவான திரவத் தங்கம் கண்ணாடி போலப் பளபளக்கும். முன்கால்களையும் கவனியுங்கள். நல்ல பழைய வேலையில் முன்காலைத் தனி அச்சில் செய்து ஒட்டியிருப்பார்கள். காலுக்கும் மார்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். மலிவுப் பதிப்பில் கால் உடம்போடு ஒட்டி, வண்ணக்கோட்டால் மட்டும் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். பீங்கானின் மேல்பூச்சில் காணும் மயிரிழை விரிசல்களை மட்டும் வைத்துப் பழமையைத் தீர்மானிக்காதீர்கள். அந்த விரிசலைச் செயற்கையாக வரவழைத்து, பழுப்புச் சாயத்தை ஊற வைத்து விற்பது வெகுகாலமாக நடக்கும் வேலை. உடம்பு முழுவதும் ஒரே சீராக, ஒரே கருமையில் விரிசல் இருந்தால் சந்தேகப்படுவதே நல்லது.

அடியில் ‘இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அதுவும் ஒரு சாட்சி. அமெரிக்கா 1890ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் மூலம் இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்திய பிறகே இந்த வழக்கம் பரவியது. ‘இங்கிலாந்தில் செய்யப்பட்டது’ என்ற முழுத் தொடர் இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் பொருள். ஆனால் எந்த முத்திரையும் இல்லாமல் இருப்பது குறையாகாது; அசலான பழைய ஸ்டாஃபோர்ட்ஷயர் நாய்களில் பெரும்பான்மையானவற்றுக்கு முத்திரையே கிடையாது.

ஏலத்தில் எடுத்த கதை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதிகாரி 1930களில் வாங்கிய புது நாயையும் ஏலத்தில் விட்டிருக்க முடியும் அல்லவா? ஏலச் சீட்டு ஏதேனும் பழைய டிரங்குப் பெட்டியில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். ஜோடியைப் பிரித்து அக்காவுக்கொன்று தங்கைக்கொன்று என்று பாகம் போட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்திருக்கும்போது உள்ள மதிப்பில் பாதிகூட ஒற்றை நாய்க்குக் கிடைக்காது.

கேள்வி: பிரெஞ்சுக்காரர் காலத்து வீடொன்றைக் காலி செய்தபோது, பச்சைச் சலவைக்கல் பீடத்தில் ஓடும் நிலையில் உள்ள இரண்டு வேட்டை நாய்களின் சிலையை என் தந்தைக்குக் கொடுத்தார்கள். வெண்கலம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தோம். காயலான் கடைக்காரர் ஒருவர் தட்டிப் பார்த்துவிட்டு, இது வெண்கலமே இல்லை என்கிறார்.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: காயலான் கடைக்காரரின் காதை நாங்கள் மதிக்கிறோம். வெண்கலத்தைச் சுண்டினால் மணியின் ஓசை சற்று நேரம் நீளும். துத்தநாகக் கலவையைச் சுண்டினால் ஓசை மொட்டையாக நின்றுவிடும். 1920களிலும் 1930களிலும் பிரான்சில் நடுத்தர வீடுகளுக்காக ‘ரெக்யூல்’ என்ற துத்தநாகக் கலவையில் நாய், மான், சிறுத்தை உருவங்களை வார்த்து, வெண்கல நிறமோ பச்சை நிறமோ ஏற்றி, சலவைக்கல் பீடத்தில் பொருத்தி ஏராளமாக விற்றார்கள். ஓடும் நாய், நீண்ட கோடுகள், பச்சைக் கல் என்று நீங்கள் எழுதியிருப்பது அந்தக் காலத்தின் அலங்கார பாணிக்கு அப்படியே பொருந்துகிறது.

உறுதி செய்ய, சிலையைச் சுரண்ட வேண்டாம். வாலின் நுனியிலோ காதின் விளிம்பிலோ நிறம் ஏற்கெனவே உதிர்ந்த இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். பகல் வெளிச்சத்தில் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உள்ளே பொன்மஞ்சள் தெரிந்தால் வெண்கலம். ஈயச் சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகக் கலவை. காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொல்லும் யோசனை இங்கே பயன்படாது, ஏனெனில் இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. வார்ப்பிரும்புக்கு வெண்கல நிறம் பூசி ஏமாற்றியிருந்தால் அதை மட்டுமே காந்தம் காட்டிக்கொடுக்கும்.

வெண்கலம் இல்லை என்பதால் தூக்கி எறியத் தக்கது என்று பொருளில்லை. விலை குறையும், அவ்வளவுதான். எங்கள் கருத்தில், கால்கள் நாலும் தரையைவிட்டு எழும் அந்தப் பாய்ச்சலைச் சிற்பி சரியாகப் பிடித்திருந்தால், உலோகம் எதுவாயினும் அது நல்ல சிலைதான். கலவை உலோகம் எளிதில் முறியும் என்பதால் நாயின் உடம்பைப் பிடித்துத் தூக்காமல், எப்போதும் பீடத்துக்கு அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள்.

கேள்வி: மேலே உள்ளதைப் போன்ற சிலைகளில் கையெழுத்து இருந்தால் அசல் என்று கொள்ளலாமா? ‘மேன்’ என்ற பிரெஞ்சுச் சிற்பியின் கையெழுத்துடன் ஒரு வெண்கல நாயை விலைக்குச் சொல்கிறார்கள்.
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கொள்ள முடியாது. பியர்-ழூல் மேன் (1810–1879) விலங்குகளையே வார்த்துப் புகழ்பெற்ற சிற்பி. பந்தோடு விளையாடும் இரண்டு ஒல்லி வேட்டைநாய்களின் சிலை அவருடைய படைப்புகளில் மிகப் பரவலாக அறியப்பட்டது. அவருக்கு மூத்தவரான அந்துவான்-லூயி பாரி (1795–1875) முதலானவர்களோடு சேர்த்து இந்தக் கூட்டத்தையே விலங்குச் சிற்பிகள் என்று பாரிஸ் விமர்சகர்கள் முதலில் ஏளனமாகத்தான் அழைத்தார்கள். மனிதனையும் தெய்வத்தையும் விட்டுவிட்டு நாயைச் செய்வதா என்ற இளக்காரம் அது. பிறகு அந்த நாய்களுக்குத்தான் ஐரோப்பா முழுவதும் வாங்குவோர் வரிசையில் நின்றார்கள்.

மேன் தம் சிலைகளைத் தாமே வார்த்து விற்றார். அவர் இறந்த பிறகு அவருடைய மருமகன் ஒகுஸ்த் கேன் வார்ப்பைத் தொடர்ந்தார். அதற்குப் பின் சூஸ் என்ற வார்ப்பகத்தாரிடம் அச்சுகள் போயின. ஆகவே சிற்பி இறந்த பிறகு வார்த்த, ஆயினும் முறையான சிலைகளிலும் அவருடைய கையெழுத்து இருக்கும். இவை போக, பழைய வெண்கலச் சிலையிலிருந்தே அச்செடுத்து வார்க்கும் திருட்டு வார்ப்பும் உண்டு. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்குவதால் அப்படிப்பட்ட நகல், மூலத்தைவிடச் சற்றே சிறிதாகிவிடும். மயிர்க்கோடு, நகம், காதின் மடிப்பு, கையெழுத்தின் விளிம்பு எல்லாம் மழுங்கியிருக்கும். அதனால் வாங்கும் முன் உயரத்தையும் நீளத்தையும் அளந்து, பெரிய ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பட்டியலில் அதே சிலைக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். விற்பவர் அளக்கவிடாமல் அவசரப்படுத்தினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வெண்கல நாய் ஒன்று பச்சை பூத்துக்கொண்டே வருகிறது. புளி போட்டுத் துலக்கினால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார்.
– வாசகி, குருசுக்குப்பம், புதுச்சேரி

பதில்: உங்கள் மாமியாரிடம் மரியாதையோடு சொல்லுங்கள்: குத்துவிளக்குக்குப் புளி சரி, பழைய சிலைக்குப் புளி கூடாது. சிலையின் மேல் இருக்கும் கரும்பழுப்பு அழுக்கல்ல. சிற்பியே அமிலமும் சூடும் கொண்டு ஏற்றிய நிறமும், அதன் மேல் பல பத்தாண்டுகள் படிந்த மெருகும் சேர்ந்தது அது. புளியின் அமிலமோ கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷோ ஒரே தேய்ப்பில் அதை எடுத்துவிடும். எடுத்தால் திரும்ப வராது. வாங்குபவர் முதலில் கவனித்து விலையைக் குறைப்பதும் அதைத்தான்.

பச்சையில் இரண்டு வகை உண்டு. சிலையோடு ஒட்டி, கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் பச்சைப் படலம் பெரும்பாலும் தீங்கற்றது. வெளிறிய பச்சை நிறத்தில், மாவு போல உதிர்ந்து, துடைத்தாலும் அதே புள்ளியில் மறுபடி பூப்பது நோய். கடற்காற்றில் உள்ள உப்பின் குளோரைடு, செம்போடு சேர்ந்து, ஈரத்திலும் காற்றிலும் தொடர்ந்து உலோகத்தை அரிப்பதால் அது வருகிறது. அப்படிப்பட்ட சிலையை மற்றவற்றிலிருந்து பிரித்து, உலர்ந்த இடத்தில் வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே நீண்டகாலமாக ஒரு வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இயங்கி வருகிறது. அங்கே ஆலோசனை கேட்கலாம்.

மற்றபடி, கடற்கரை வீட்டில் வெண்கலத்தைச் சன்னலோரத்தில் வைக்காதீர்கள். கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் வைத்து, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் அவற்றை அடிக்கடி மாற்றுங்கள். தூசியைத் துணியால் துடைப்பதைவிட மென்மையான தூரிகையால் தட்டுவதே நல்லது. தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கில் உப்பும் தூசியும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதுவும் வேண்டாம்.

கேள்வி: என் பாட்டனார் சைகோனில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்த இரண்டு பச்சைப் பீங்கான் நாய்கள் எங்கள் வீட்டு வாசலில் இருக்கின்றன. சுருள் பிடரி, அகன்ற வாய். ஒன்றின் காலடியில் உருண்டை, மற்றொன்றின் காலடியில் குட்டி. எந்த இனத்து நாய்?
– வாசகர், வைசியாள் வீதி, புதுச்சேரி

பதில்: அவை சிங்கங்கள். சீனப் பண்பாட்டில் வாசலைக் காக்கும் சிங்க இணை. உருண்டையை மிதித்திருப்பது ஆண், குட்டியை வைத்திருப்பது பெண். சிங்கமே இல்லாத நாட்டில் கேள்விப்பட்டதையும் பௌத்தம் வழியாக வந்த உருவங்களையும் வைத்துச் சிற்பிகள் செய்ததால், மேனாட்டு வியாபாரிகளின் கண்ணுக்கு அது நாயாகப் பட்டது. இன்றும் ஏலப் பட்டியல்களில் நாய் என்றே போடுகிறார்கள். வியட்நாமில் உண்மையான காவல் நாய்ச் சிலைகளும் உண்டு. அவற்றைக் கல்லில் செய்து வட பகுதியில் ஊர் வாசலிலும் கோயில் வாசலிலும் வைப்பார்கள். பிடரி இருக்காது, காதும் வாலும் சாதாரண நாட்டு நாயுடையதுபோல இருக்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீனாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் நிறையவே உண்டு. அவர்கள் கொண்டுவந்த தட்டுமுட்டுச் சாமான்கள் இப்போது மெல்ல மெல்லச் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பாட்டனார் எந்த ஆண்டில் போனார், எந்தக் கப்பலில் திரும்பினார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, அவருடைய பழைய புகைப்படத்தோடு சேர்த்து வையுங்கள். பொருளின் வரலாறு என்று சொல்லப்படுவது அதுதான். சிங்கங்களை வாசலில் இருந்து உள்ளே எடுத்துவிடுவதும் உத்தமம்.

கேள்வி: கிராமபோனும் அதைக் கேட்கும் நாயும் உள்ள பொருள்களைச் சேர்க்க ஆசை. சுற்றுலாப் பயணிகள் வரும் கடைகளில் பித்தளைக் குழலுடன் கிராமபோன் விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், செம்மண்டலம், கடலூர்

பதில்: அழகுக்கு வாங்குவதானால் உங்கள் விருப்பம். பழம்பொருள் என்று நினைத்து வாங்காதீர்கள். பளபளக்கும் தடித்த பித்தளைக் குழல், புது மரப்பெட்டி, அதன் மீது ஆணி அடித்த நாய்ப் படத் தகடு என்று வருபவை பெரும்பாலும் நம் நாட்டிலேயே அண்மையில் கோத்தவை. பழைய சிறு கிராமபோனிலிருந்து எடுத்த மோட்டாரை மட்டும் உள்ளே வைத்திருப்பார்கள். அசல் பெட்டிகளில் அந்த நாய்ப் படம் பெரும்பாலும் மரத்தின் மீது ஒட்டி எடுத்த வண்ணப் படமாக இருக்கும்; காலப்போக்கில் அதன் ஓரங்கள் தேய்ந்திருக்கும்.

அந்த நாய் உண்மையில் வாழ்ந்த ஒன்று. நிப்பர் என்று பெயர். 1884இல் பிரிஸ்டலில் பிறந்து 1895இல் இறந்தது. அதன் இரண்டாவது எசமானரான ஓவியர் பிரான்சிஸ் பராட், நாய் இறந்த பின் நினைவிலிருந்து அந்த ஓவியத்தைத் தீட்டினார். முதலில் வரைந்தது உருளையில் பாட்டு ஒலிக்கும் பழைய இயந்திரத்தை. 1899இல் கிராமபோன் கம்பெனி படத்தை வாங்க முன்வந்தபோது, இயந்திரத்தை மட்டும் மாற்றித் தட்டு சுழலும் கிராமபோனாகத் தீட்டித் தரச் சொன்னது. படத்துக்கு ஐம்பது பவுண்டு, உரிமைக்கு ஐம்பது பவுண்டு கொடுத்தார்கள். அந்தக் கம்பெனி 1908இல் கல்கத்தாவில் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அந்த நாய் நம் ஊர்க் கல்யாண வீடு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இதில் சேகரிக்க எளிதானவை ஊசி டப்பாக்கள். உள்ளங்கையில் அடங்கும் தகர டப்பா. மூடியில் நாய்ப் படம். ஒலியின் அளவுக்கு ஏற்ற ஊசிகளுக்கு வெவ்வேறு நிறம். மூடியைத் திறந்தால் துருப்பிடித்த ஊசி நாலைந்து இன்னும் உள்ளே கிடக்கும். இடம் அடைக்காது, கைக்கு அடக்கமான விலை, போலி செய்வதில் லாபமும் குறைவு. இசைத்தட்டு உறைகளையும் சேர்க்கலாம். காகிதம் என்பதால் கரப்பான்பூச்சிக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் நீங்கள் காவல் இருக்க வேண்டும்.

கேள்வி: ஏரிக்கரை அய்யனார் கோயில் ஒன்றில் பழைய சுடுமண் குதிரைகளுக்கு நடுவே நாய்களும் உடைந்து கிடக்கின்றன. யாரும் கவனிப்பதில்லை. பூசாரியிடம் கேட்டு எடுத்து வந்து பாதுகாக்கலாம் என்று நினைக்கிறேன். பைரவரின் நாய் என்று ஒரு கல் உருவத்தையும் ஒருவர் விலைக்குக் கொண்டுவந்து காட்டினார்.
– வாசகர், பண்ருட்டி

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம்.

அய்யனாருக்கு நேர்ந்துகொண்டு வைத்த புரவியும் நாயும் அந்த இடத்திலேயே வெயிலிலும் மழையிலும் கரைய வேண்டும் என்பதே மரபு. உடைந்து கிடப்பதால் கேட்பாரற்றது என்று ஆகிவிடாது. அடுத்த புரவியெடுப்புக்குப் புதிது வரும். வரவேற்பறை அலமாரியில் அந்த நாய்க்கு வேலையில்லை. ஆசையாக இருந்தால், சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் வட்டாரத்துக் கைவினைஞர்களிடம் சொல்லி அதே போன்ற நாயைப் புதிதாகச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்; செய்பவருக்கும் பிழைப்பு.

கல் உருவத்தின் சேதி வேறு. சிவன் கோயில்களில் பைரவருக்குப் பின்னே குறுக்காக நிற்கும் நாய், பெரும்பாலும் மூர்த்தியோடு ஒரே கல்லில் செதுக்கியது. அதைத் தனியாக ஒருவர் விலைக்குக் கொண்டுவருகிறார் என்றால், ஒன்று புதிதாகச் செய்து புதைத்தெடுத்த போலி. அல்லது எங்கிருந்தோ உடைத்தெடுத்தது. நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள சிற்பங்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அந்தச் சட்டம் 1976 முதல் நடைமுறையில் இருக்கிறது. வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், வியாபாரம் செய்பவர் உரிமம் பெற வேண்டும், தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நிலத்தைத் தோண்டும்போது கிடைத்தது என்று சொன்னால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 1983 முதல் இயங்குகிறது. விலைக்கு வந்த உருவத்தைப் பற்றி அங்கே தகவல் சொல்வதே நீங்கள் செய்யக்கூடிய பாதுகாப்பு.

பழைய கல் நாயைக் கண்ணாரக் காண வேண்டுமென்றால் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் போய்ப் பாருங்கள். முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், எருமைகளை மீட்கும் சண்டையில் பட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வில்லோடு நிற்கும் வீரனின் அருகே அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றதைத் தனியாக எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒரு நாயின் பெயரைப் பல்லவர் காலத்து எழுத்தில் படிக்க முடிகிறது என்பதற்காகவே அந்தப் பயணம் தகும். கர்நாடகத்தில் காட்டுப்பன்றியோடு மோதி இறந்த காளி என்ற வேட்டைநாய்க்காகப் பத்தாம் நூற்றாண்டில் எடுத்த ஆதகூர்க் கல்லும் உண்டு. அது இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: வீட்டில் நாய் பொம்மை வைத்தால் தரித்திரம் என்கிறார்களே?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: ஒரு ஜோடி நல்ல ஸ்பேனியல் நாய்களை ஏலத்தில் எடுத்துப் பாருங்கள், கைப்பணம் கரைவது மட்டும் நிச்சயம். மற்றபடி ஒன்றும் ஆகாது.

கேள்வி: ஜப்பானியர் இடுப்புக் கச்சையில் கோத்துக்கொள்ளும் தந்தத்தாலான சிறு நாய்க்குட்டி உருவம் ஒன்று விலைக்கு வருகிறது. பழையது என்பதால் சட்டச் சிக்கல் இல்லை என்கிறார் விற்பவர்.
– வாசகர், ஆரோவில் சாலை

பதில்: சிக்கல் உண்டு. இந்தியாவில் யானைத் தந்த வணிகம் 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும், இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தத்தின் வணிகம் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் தடுக்கப்பட்டுவிட்டது. பழமையைக் காட்டி விற்க முடியாது. அதே குட்டி உருவங்களை ஜப்பானியர் மரத்திலும் அற்புதமாகச் செதுக்கியிருக்கிறார்கள், அதைத் தேடுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். மாதம் சில நூறு ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. நாய் உருவங்களைச் சேர்க்க எங்கே தொடங்குவது?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: பக்கத்தில் இருக்கும் பண்ருட்டியிலிருந்து தொடங்குங்கள். களிமண்ணிலும் காகிதக்கூழிலும் பண்ருட்டியில் செய்யும் கொலு பொம்மைகளில் நாய்க்கும் இடமுண்டு: வேட்டைக்காரனோடு வருவது, செட்டியார் கடையின் ஓரத்தில் படுத்திருப்பது, காதை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பது என்று. பழைய வீடுகளில் கொலு நின்றுபோன பிறகு இவையெல்லாம் சாக்குமூட்டையில் கிடக்கின்றன. பெரிய தெய்வ பொம்மைகளைத்தான் எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள்; நாயைக் கொசுறாகவே கொடுத்துவிடுவார்கள்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் நடைபாதைப் பழஞ்சாமான்களில் கண் வையுங்கள். 1920களிலும் 1930களிலும் ஜப்பானிலிருந்து உலகெங்கும் மலிவாக ஏற்றுமதியான பீங்கான் நாய்கள், சாம்பல் கிண்ணத்தின் ஓரத்திலும் குண்டூசி மெத்தையின் பக்கத்திலும் உட்கார்ந்தபடி, இன்னும் எப்போதாவது தென்படும். அடியில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், போருக்குப் பிந்தைய, 1952க்கு முந்தைய சில ஆண்டுகளில் செய்தது என்று காலம் தானே தெரிந்துவிடும். அப்படித் தன் வயதைத் தானே சொல்லும் பொருள் தொடக்கக்காரருக்கு நல்ல பாடம்.

வாங்கும் முன் கையில் எடுத்துப் பழகுங்கள். எடையும் அடிப்பாகமும் கைக்குப் பிடிபடும் வரை பெரிய தொகை எதற்கும் கை வைக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒருமுறை போய், ஒன்றும் வாங்காமல், பகல் முழுக்கப் பார்த்துவிட்டு மட்டும் வரலாம்; கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய இடம், நாள், விலை, உடைசல் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

கேள்வி: பீங்கான் நாயின் காது உடைந்துவிட்டது. துண்டு இருக்கிறது. சூப்பர் குளூ போட்டு ஒட்டிவிடட்டுமா?
– வாசகி, அரியாங்குப்பம்

பதில்: வேண்டாம். அவசரப் பசை ஒருமுறை கோணலாகப் பிடித்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. உடைந்த விளிம்பும் அதன் கறையில் கெட்டுவிடும். பாதுகாப்பு வேலை செய்பவர்கள், அசிட்டோனில் கரைத்துத் திரும்ப எடுக்கக்கூடிய பிசினையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஆள் கிடைக்கும் வரை, விளிம்பை விரலால் தொடாமல், துண்டை மெல்லிய காகிதத்தில் சுற்றி, நாயின் பெயரை மேலே எழுதி, ஒரு தீப்பெட்டியில் போட்டு நாயின் பக்கத்திலேயே வையுங்கள். வீட்டைப் பெருக்கும்போது குப்பையோடு போவது பெரும்பாலும் இந்தத் துண்டுகள்தான்.